எஸ்தர் அக்காவின் லூக்கா நோட்டு

யாங்கோன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மேலே இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுக்காமலே எல்லாம் அதுதான் என்று புரிந்துகொண்டு, "விற்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, சாமி புத்தகம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமல் நாலு பக்கம் புரட்டிவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

பதினைந்து தமிழ் பைபிள், எல்லாம் பெரிய எழுத்து. யாங்கோனில், நம் ஆட்கள் வாயில் ரங்கூனில், ஒரு வீட்டில் வாராவாரம் தமிழர்கள் கூடி வேதம் படிக்கிறார்கள், அவர்களிடம் கிழிந்த புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தூத்துக்குடியில் எங்கள் சபைப் பெண்கள் வாங்கியது. யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். குவைத்தில் ஆறு வருடம், பினாங்கில் நான்கு வருடம் வீட்டு வேலை பார்த்தவள். சேர்ந்தாற்போல் ஒரு மழைக்காலத்தை ஊரில் கழித்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. போகிறேன் என்றேன்.

பபேடான் பேட்டையில் நான் தேடிப்போன தெருவின் முனையிலேயே டாக்சிக்காரர் இறக்கிவிட்டார். உள்ளே வண்டி போக இடம் இல்லை. ஒரு பக்கம் பழக்கடைகள், மறுபக்கம் பிரியாணி அண்டாக்கள். பள்ளிவாசல், கோயில், மறுபடி பள்ளிவாசல். காதில் தமிழ் விழுந்தது, திரும்பினால் பர்மிய முகம். பர்மிய மொழி விழுந்தது, திரும்பினால் நம் ஊர் முகம். அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் இதில் குழப்பம்.

வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேலே பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல், "கிருபையா? ஏறாத, நில்லு! பொட்டியத் திற!" என்றது. இந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது. நுனியில் ஒரு கவ்வி அல்லது பை. காய்கறி, சோறு, சாவி எல்லாம் அதில்தான் போகும். பைபிள்களும் ஐந்தைந்தாக மூன்று தவணையில் போயின. மூன்றாம் மாடிப் பாட்டி ஒருத்தி கையை நீட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, என்ன விலை என்று பர்மிய மொழியில் கேட்டாளாம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு இல்லை. கயிற்றை இழுத்த எஸ்தர் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது, அவருக்கு இருந்தது. கணவர் இறந்தபின் தோசை மாவு அரைத்து, காலையில் மாடிப்படிக்குக் கீழே தோசை சுட்டு விற்கிறார். இங்கே அதற்குத் தோஷே என்று பெயர். தெருவில் எல்லோரும் அவரை தோ எஸ்தர் என்றார்கள். தோ என்பது வயதான பெண்களுக்கு மரியாதை.

"இம்புட்டா!" என்று புத்தகங்களைப் பார்த்துச் சிரித்தார். "யாரு படிக்க, தங்கச்சி? எங்க கூட்டத்துல தமிழ் எழுத்துத் தெரிஞ்சது ரெண்டே பேர். நானும் என் தங்கச்சி ராகேலும். மத்தவங்க பேசுவாங்க, கேப்பாங்க. எழுத்துன்னா பர்மா எழுத்துதான்."

இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பிறகு அலமாரியிலிருந்து நான்கு பெரிய நோட்டுகளை எடுத்துப் போட்டார். முழுக்க முழுக்க பர்மிய எழுத்து. எனக்கு வட்டமும் அரை வட்டமுமாகத் தெரிந்தது. அக்கா ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார். நல்ல தமிழ். நம் வேதத்தின் தமிழ், லூக்கா சுவிசேஷம். கிழிந்த தமிழ்ப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதே சொற்களை பர்மிய எழுத்தில் அவர் இரண்டு வருடமாக எழுதி வந்திருக்கிறார். எழுதி முடித்த பக்கத்தை அந்த வாரக் கூட்டம் படிக்கும், முன்னே எழுதியதையும் திரும்பத் திரும்பப் படிக்கும். போன மாதம் முடிந்திருக்கிறது. இனி நகல் எடுத்து முப்பது வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். தமிழ் எழுத்துத் தெரியாத வீட்டிலும் தமிழில் வேதம் இருக்கும்.

அப்போது உள்ளே வந்த ஜேம்ஸ் என்னைக் காட்டி, "இந்த அக்கா தமிழ் படிப்பாங்கல்ல? ஒரு தரம் சரிபாக்கலாம் ஆன்ட்டி" என்றான். அவன் இந்தக் கூட்டத்து ஆள், முப்பத்தைந்து வயது, டவுன் பஸ் ஓட்டுகிறான். "நான் நோட்டை வாசிக்கிறேன். அக்கா புத்தகத்துல விரல் வெச்சுக்கிட்டு வரட்டும்."

"எதுக்கு? நான் பாத்துதானே எழுதினேன்."

"முப்பது வீட்டுக்குப் போகுது, நோ?"

பேச்சு முடிவில் நோ போடுவது இவர்கள் வழக்கம். நம் ஊர் 'சரிதானே' மாதிரி. அக்கா அதற்குமேல் மறுக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது தெருவின் கூச்சலில். "மீ லா பீ!" என்று எல்லா மாடியிலிருந்தும் கத்தினார்கள். கரன்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே தண்ணீர் மோட்டார்கள், அக்காவின் கிரைண்டர், பக்கத்து வீட்டு இஸ்திரி எல்லாம் ஒன்றாக ஓடின. எப்போது போகும் என்று தெரியாததால் யாரும் பல் தேய்க்கக்கூட நிற்பதில்லை. எங்கள் ஊரில் கரன்ட் போனால்தான் கத்துவோம். இங்கே வந்தால் கத்துகிறார்கள்.

கீழே நடைபாதையில் முழங்கால் உயர ஸ்டூலில் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் சேமியா போட்டுத் தருவது. வாழைத்தண்டு நறுக்கிப் போடுகிறார்கள். முதல் வாய்க்கு யோசித்தேன், இரண்டாவது கிண்ணத்துக்கு யோசிக்கவில்லை.

மத்தியானம் ஜேம்ஸ் ஷிஃப்ட் முடித்து வந்தான். தரையில் பாய் போட்டு வேலையைத் தொடங்கினோம். அவன் வாசிப்பது ஒரு வேடிக்கை. சொல்லைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பான், பிறகு தலையைத் தூக்கி, "சீஷர்னா யாரு, சிஷ்யனா?" என்பான். அக்காவின் வேலை சுத்தம். ஐந்து அதிகாரத்தில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆறாம் அதிகாரத்தின் நடுவில் வந்ததும் ஜேம்ஸ் திடீரென்று நின்று, கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

தூங்கிவிட்டானோ என்று பார்த்தேன். "என்னப்பா?"

"உஷ்." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். "இது நிறுத்து, அக்கா."

"என்ன நிறுத்து?"

நோட்டைத் திருப்பிக் காட்டினான். எழுத்துகளுக்கு நடுவில் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. "வெறும் வரி வந்தா வாசிக்கக் கூடாது. பேசாம இருக்கணும். அப்புறம்தான் அடுத்த வரி. வேதத்துல அப்படித்தானே."

"எந்த வேதத்துல?"

"உங்க ஊர்ல நிறுத்து இல்லையா?" எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் மேல் அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "லூக்காவுல மூணு இருக்கு அக்கா. சிலுவைகிட்ட இருக்கறதுதான் பெரிசு. அங்க வந்தா எங்க கூட்டத்து சூசன் எப்பவும் அழுதுரும்."

என் விரல் அச்சுப் புத்தகத்தில் ஒரு வசனத்தின் மேல் இருந்தது. மற்றவரைக் குற்றவாளி என்று தீர்க்காதே, மன்னித்து விட்டுவிடு, நீயும் விடப்படுவாய் என்று சொல்கிற இடம். அது நோட்டில் இல்லை. நான்தான் வரி தவறிவிட்டேனோ என்று மேலே கீழே பார்த்தேன். இல்லை. அக்கா இருந்த அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. விரலை அடுத்த வசனத்துக்கு நகர்த்தி, "வாசி" என்றேன். கரண்டி மறுபடி ஓடியது.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அக்கா வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பக்கத்தில் பர்மியர்கள் போடுகிற ஊறவைத்த தேயிலைக் கலவை. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ராகேல் அக்காவும் ஒருவர். எஸ்தர் அக்காவைவிட ஆறு வயது இளையவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் இருக்கிறார். ஞாயிறும் வியாழனும் பஸ் பிடித்து வருவாராம்.

"ஜேம்ஸு, ராகேலுக்கு அப்பளம் வேணுமான்னு கேளு" என்றார் எஸ்தர் அக்கா.

ராகேல் அக்கா கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். "போதும்னு சொல்லு ஜேம்ஸு" என்றார்.

ஜேம்ஸ் இரண்டையும் கடமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். இதுவும் ஏதோ இந்த ஊர் மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மீதியை முடித்தோம். பதினொன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம், நாங்கள் பிறரை மன்னிக்கிறோம் எங்களையும் மன்னியும் என்கிற வரியோடு, முழுசாக இருந்தது. பதினேழில் இரண்டாவது நிறுத்து. அச்சில் அந்த இடத்தில் இருப்பது இது: உன் சகோதரன் உனக்குத் தப்பு செய்தால் அவனைக் கண்டித்துக் கேள், அவன் வருந்தினால் மன்னி, ஒரே நாளில் ஏழு தரம் வந்து வருந்தினாலும் மன்னி. இருபத்து மூன்றில் மூன்றாவது. சிலுவையில் தொங்கிக்கொண்டு, தன்னை அறைந்தவர்களை மன்னிக்கும்படி இயேசு தகப்பனிடம் கேட்கிற இடம். நோட்டில் அங்கே அவர் ஒன்றும் பேசவில்லை. ஜேம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தான்.

மூன்று இடமும் ஒரே விஷயம். கைப்பிசகு இப்படித் தேடிப் பார்த்து விழாது.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு உளுந்து கழுவிக் கொடுத்தபடி கேட்டேன். "அக்கா, அந்த மூணு இடம் விட்டுப்போச்சா?"

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "விட்டுப்போகல. விட்டேன்."

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்துத் தெருவெல்லாம் பாத்திரம் தட்டின அந்த வருடம் நடந்தது அது. அக்காவின் ஒரே மகன் டேவிட். அவனைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு சாயங்காலம் ஆற்றைத் தாண்டி சித்தி ராகேல் வீட்டுக்கு ஓடியிருக்கிறான். சித்தி கதவைத் திறக்கவில்லை. அங்கிருந்து ஒரு மரக்கடையில் ஒளிந்து, காய்ச்சலோடு எல்லையைக் கடந்து, இப்போது தாய்லாந்தில் ஒரு தையல் பட்டறையில் இருக்கிறான். இங்கே திரும்ப முடியாது. அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை.

"போன் போட்டா, சித்தி நல்லாயிருக்காங்களான்னு கேக்குறான். எனக்கு லைன் சரியில்லன்னு வெச்சிருவேன்."

"சரிக்கா. அதுக்கு வேதத்துல..."

"எனக்குக் கை வரல, கிருபை. நான் செய்யாததை என் கையாலயே எழுதி, நாளைக்கு அதை இந்தப் பிள்ளைங்க வாசிச்சு, நான் ஆமென்னு சொல்லி... பொய் இல்லையா அது? அதான் இடம் விட்டேன். அளந்துதான் விட்டேன். எத்தனை வரியோ அத்தனை வரி. முடியறப்ப எழுதிக்கலாம்னு."

"அந்த நிறுத்து?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை நான் சொல்லல! மொத தடவை ஜேம்ஸு அங்க வந்து நின்னுட்டான். எல்லாரும் என்னையே பாத்தாங்க. வெக்கத்துல கண்ணை மூடிக்கிட்டேன். அவங்களும் மூடிக்கிட்டாங்க. அடுத்த தடவை நான் மூடுறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்க."

"ஜெபத்துல மட்டும் எழுதியிருக்கீங்க."

"அது எல்லாருக்கும் மனப்பாடமாச்சே, மாட்டிக்குவேன். எழுதிட்டு மூணு நாள் பேனாவைத் தொடல."

முப்பது வீட்டுக்கு இப்படியே போனால் அந்த வீடுகளில் இந்த வசனங்களே இருக்காதே என்றேன். வேதத்தில் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அதன் கடைசிப் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"அதையும் நான்தான் எழுதணும், கடைசிப் புத்தகம் வரைக்கும் உசிர் இருந்தா. எனக்கே சொல்றியா? வெள்ளிக்கிழமைதானே நகல். வியாழன் கூட்டம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு, நோ."

சரி என்றேன். மாவு அரைக்கக் கரன்ட் வரவில்லை. ஊறின உளுந்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

குவைத்தில் எனக்குக் கொடுத்த அறையில் அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்து ஆறு வருடம் வேதம் படித்தேன். தனியாகப் படித்தால் ஒரு வசதி. பிடிக்காத இடத்தில் கண் வேகமாக ஓடும், யாரும் கேட்க மாட்டார்கள். என் கையில் சூடு வைத்த வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டே இந்த மூன்று வசனங்களையும் எத்தனையோ தரம் தாண்டியிருக்கிறேன். என் புத்தகத்தில் எல்லா எழுத்தும் இருந்தன, அதனால் நான் தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. எஸ்தர் அக்கா தாண்டியதை வாராவாரம் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

புதன்கிழமை ராகேல் அக்காவுக்கு ஒரு பைபிள் கொடுக்கிற சாக்கில் தன்லியினுக்குப் புறப்பட்டேன். ஜேம்ஸின் பஸ் அந்த வழிதான். ஓட்டுகிறவன் நம் ஆள் என்றால் வண்டி நிற்காது என்று நினைத்தது என் தப்பு. பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அரை மைல் முன்னால் புகையோடு நின்றது. மழை. ஒரு கிழவர் ஜேம்ஸைப் பார்த்து பர்மிய மொழியில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "அடுத்த தரம் மாடு பூட்டிக்கிட்டு வான்னு சொல்றார்" என்றான் ஜேம்ஸ், முகம் மாறாமல்.

எல்லோரும் இறங்கி நடந்தோம். பாலத்து முனையில் அடையாள அட்டை பார்த்தார்கள். என் பாஸ்போர்ட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்து, எங்கே, ஏன், எப்போது திரும்புவாய் என்று கேட்டார்கள். வரிசையில் இருந்த யாரும் நிமிரவில்லை, முணுமுணுக்கவுமில்லை. பஸ்ஸில் அவ்வளவு வாய் பேசிய கிழவரும்தான். பாலத்தைத் தாண்டி வேறு பஸ்.

ராகேல் அக்கா வீடு தையல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கூரை மர வீடு. தொழிற்சாலைப் பெண்களுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்கிறார். கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. "நான் கிருபை, தூத்துக்குடி" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

சோறும் நெத்திலிக் கருவாடும் போட்டார். புத்தகத்தை வாங்கிப் பெரிய எழுத்தைத் தடவிப் பார்த்தார். நேராகப் பதினேழாம் அதிகாரத்தைத் திறந்தார். இவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மொத நாளே. நானும் அக்காவும் ஒரே ஓய்வுநாள் பள்ளியில ஒரே டீச்சர்கிட்ட படிச்சோம். எனக்குத் தெரியாதா அங்க என்ன இருக்குன்னு?"

"சொல்லலியே."

"என்னான்னு சொல்ல? எங்கக்கா என்னை மன்னிக்க மாட்டேங்குறா, வசனத்தை விட்டுட்டான்னா?" கருவாட்டை என் பக்கம் தள்ளினார். "அன்னைக்கி என் ரெண்டு பொண்ணுங்களும் உள்ள இருந்தாங்க. எதிர்வீட்டுக்காரன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். நான் கதவுக்குப் பின்னால தரையில உக்காந்திருந்தேன். டேவிட் தட்டுறது எனக்குத் தெரியும். சின்னப்புள்ளையில இருந்து தெரியும்."

"இப்படி இருக்குறப்ப ஏன் வாரா வாரம் போறீங்க? பாலம், மழை, பஸ்ஸு..."

"அந்த நிறுத்துக்குத்தான் போறேன். மத்த நேரம் அவ ஜேம்ஸுகிட்ட பேசுறா, சூசன்கிட்ட பேசுறா. அந்த ரெண்டு நிமிசம் அவளும் என்னைத்தான் நெனைப்பா, நானும் அவளைத்தான் நெனைப்பேன். நாங்க ஜெபம் பண்றோம்னு மத்தவங்க நெனைச்சுக்கறாங்க."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அக்காகிட்ட தப்புன்னு சொன்னீங்களா?"

கருவாட்டு முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "சொல்ற மூஞ்சி இல்ல" என்றார் கடைசியில்.

வியாழன் நான்கு மணிக்குக் கூட்டம். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் அந்த நேரம். படியில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. கரன்ட் இல்லை, பால்கனி வெளிச்சம் போதுமாக இருந்தது. சூசன் என்கிற நர்ஸ் பெண் ஆஸ்பத்திரி உடையோடு வந்திருந்தாள். ராகேல் அக்கா வழக்கமான இடத்தில், சுவரோரம் இருந்தார்.

பாட்டு முடிந்ததும் எஸ்தர் அக்கா, "பதினேழு வாசி" என்றார்.

ஜேம்ஸ் வாசித்தான். வெறும் வரிக்கு வந்ததும் நின்றான். பத்துப் பேர் கண்ணை மூடினார்கள். நானும் சகோதரிகள் இரண்டு பேரும் மூடவில்லை.

"கண்ணைத் திறங்க" என்றார் எஸ்தர் அக்கா. "இது நிறுத்து இல்ல. இங்க ஒரு வசனம் இருக்கு. நான் எழுதல."

ஒருவருக்கும் புரியவில்லை. அக்கா தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அந்த வசனத்தை வாசித்தார், பிறகு பர்மிய மொழியில் சொன்னார். ஜேம்ஸ் நோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பஸ்ஸில் அவ்வளவு கிண்டலுக்கும் மாறாத முகம் மாறிவிட்டது. "அப்போ ரெண்டு வருசமா நாங்க..."

"ஆமா. என் வெக்கத்துக்கு நீங்க கண்ணை மூடினீங்க. எழுத முடியாம விட்டேன். ஆனா இந்த மூணு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், மன்னிக்கிறது இதுல கடைசியிலதான் வருது. மொதல்ல, கூப்பிட்டுக் கேளுன்னு இருக்கு. அதையே நான் செய்யல." சுவர்ப் பக்கம் திரும்பினார். "ராகேல், ஏன் திறக்கல?"

இடையில் ஜேம்ஸ் இல்லை. அறையில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு என்ன கதவு என்றே தெரியாது.

"பயந்துட்டேன்க்கா."

"மூணு தரம் தட்டியிருக்கான்."

"நாலு." ராகேல் அக்காவின் குரல் தெளிவாக இருந்தது. "நாலாவது தரம் மெதுவாத் தட்டினான். எனக்குக் கேக்கணும், எதிர்வீட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு. அதுக்கும் நான் திறக்கல. தப்பு என்னோடதுக்கா. சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு."

நாலு என்பது எஸ்தர் அக்காவுக்குத் தெரியாது. வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். சூசன் அழுதாள், ஆனால் இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. கீழே பழக்காரர் ராம்புட்டான் கூவுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தோம். கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜேம்ஸு, பேனா" என்றார்.

நோட்டை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எழுத எழுத வாசித்தான். சகோதரன் தப்பு செய்தால். கண்டித்துக் கேள். அவன் வருந்தினால். அங்கே பேனா நின்றது. மூடியைப் போட்டுவிட்டார்.

"மிச்சம், ஆன்ட்டி?"

"இதுவரைக்கும்தான் நடந்திருக்கு. அதுவரைக்கும் எழுதியிருக்கேன்."

"ஆன்ட்டி, ரெண்டு வரிதானே..."

"அவசரப்படுத்தாத. கேட்டேன், சொல்லிட்டா. எனக்கு நெஞ்சு இன்னும் அந்த நாலாவது தரத்துலயே நிக்குது. இன்னைக்கு எழுதினா அது வெறும் கையெழுத்துதான்." பிறகு ராகேல் அக்காவைப் பார்த்து, "இடம் இருக்கு. அழிக்கல" என்றார். ராகேல் அக்கா தலையை ஆட்டினார்.

நாளைய நகலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. புது நோட்டில் எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். அக்காவும், "என் பாவத்தை முப்பது வீட்டுக்கு ஏன் அனுப்பணும்? வேற யாராவது எழுதிக் கொடுங்க" என்றார்.

சூசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேணாம் ஆன்ட்டி. இப்படியே போகட்டும்" என்றாள். "வசனத்தை வாயால சொல்லிட்டு வருவோம். அந்தந்த வீட்டுல எழுத முடியறப்ப அவங்க கையால எழுதிக்கட்டும்."

"அது எனக்கும் இவளுக்கும் உள்ளது, பிள்ளை. அவங்களுக்கு என்ன?"

"எல்லாருக்கும் ஒரு ஆள் இருக்கு, ஆன்ட்டி" என்றான் ஜேம்ஸ்.

எனக்கு முன்கையில் தழும்பு இருக்கிற இடம் ஒருமுறை சுட்டது. ஜன்னல் இல்லாத அந்தக் குவைத் அறையில் மூட்டைகளின் மேல் நான் தாண்டிப் போன வரிகளை, இந்த ஆறாம் மாடியில் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்திவிட்டார்கள். எழுதுவேனா என்று கேட்டால் தெரியாது. தாண்ட முடியாது, அவ்வளவுதான்.

மழை மறுபடி பிடித்தது. ராகேல் அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "ராகேல், கடைசி பஸ்ஸு போயிரும். குடையை எடுத்துக்கோ" என்று குரல் வந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கறுப்புக் குடையை அவர் எடுத்துக்கொண்டார். ஜேம்ஸ் வேலை இல்லாமல் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை நானும் ஜேம்ஸும் பக்கத்துப் பேட்டையான கியாக்டடாவில் ஒரு நகல் கடைக்குப் போனோம். பழைய காலத்து வங்கிக் கட்டடத்தின் ஓரத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டரோடு இருக்கிற கடை. கடைக்காரர் பர்மியர், மூக்குக் கண்ணாடி போட்டவர், பக்கங்களைச் சரிபார்க்காமல் போட மாட்டார். முதல் வரியை வாய்விட்டு வாசித்தார். சத்தம் சரியாக வந்தது, அர்த்தம் வரவில்லை. மறுபடி வாசித்துவிட்டு, "இது என்ன பாஷை?" என்று ஜேம்ஸிடம் கேட்டார். தமிழ் என்றதும், தான் தமிழ் பேசிவிட்டதை நினைத்து அவருக்கு ஒரே சிரிப்பு. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு வரி வாசித்துக் காட்டினார்.

இப்படியே பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். பதினேழாம் அதிகாரத்தில் நிறுத்தி, நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பாதி வரி புது மையில் இருந்தது, அதற்குப் பின்னால் காலி. ஜேம்ஸிடம் ஏதோ கேட்டார். மை மங்கிவிட்டதா, கொஞ்சம் கறுப்பைக் கூட்டி எடுக்கட்டுமா என்று கேட்கிறார் என ஜேம்ஸ் எனக்குச் சொன்னான். பிறகு அவர் பக்கம் திரும்பி பர்மிய மொழியில் பதில் சொன்னான்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"மங்கல, எழுதிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்."

கடைக்காரர் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து முப்பது என்று பொத்தானை அழுத்தினார்.